நேக்கட் பைக்கை வீட்டிலேயே மாற்றியமைத்தல்: எந்தப் பாகத்தை, எந்த வரிசையில், எப்படி

1993இல் சந்தைக்கு வந்த டுகாட்டி மான்ஸ்டர், ஃபேரிங் எனப்படும் வெளியுறை இல்லாத நேக்கட் பைக் என்ற வகையைப் புகழ்பெறச் செய்த வண்டிகளுள் ஒன்று. அதை வடிவமைத்த மிகேல் கலூட்சி எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கவில்லை. 900 சூப்பர்ஸ்போர்ட்டின் எஞ்சினையும் 851, 888 வண்டிகளின் வழிவந்த சட்டகத்தையும் சேர்த்து, நிறுவனத்தின் கிடங்கில் ஏற்கெனவே இருந்த பாகங்களைக் கொண்டே ஒரு புது வண்டியை நிறுத்திக் காட்டினார். ஆகவே, பாகங்களை மாற்றிப் பொருத்துவது இந்த வகை வண்டிகளுக்குப் புதிய பழக்கம் அல்ல. ஃபேரிங் இல்லாததால் போல்ட்டுகளும் குழாய்களும் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கின்றன. பொறுமையும் சரியான கருவிகளும் உள்ள எவரும் வீட்டிலேயே இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துகொள்ளலாம்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வண்டியில் எந்தப் பாகமும் தனியாக மாறுவதில்லை. ஹேண்டில்பாரை உயர்த்தினால் கேபிளின் நீளம் போதாமல் போகும். கேபிளோடு பிரேக் குழாயையும் மாற்ற நேரும். குழாயைக் கழற்றினால் காற்று புகும். காற்றை வெளியேற்ற ஒரு முழுப் பிற்பகல் தேவைப்படும். இந்தச் சங்கிலியை முன்கூட்டியே எழுதிப் பார்த்துவிட்டுப் பாகங்களை வாங்குபவருக்கு வேலை எளிது. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஒவ்வொன்றாக வாங்குபவரின் வண்டி பாதி பிரிந்த நிலையிலேயே பல வாரம் நிற்கும்.

எதை முதலில் தொடுவது

பெரும்பாலானோர் சைலன்சரில்தான் தொடங்குகிறார்கள். என் கருத்தில் அது கடைசியாக வரவேண்டியது. உடல் வண்டியைத் தொடும் இடங்களான ஹேண்டில்பார், லிவர், இருக்கை, கால்மிதி ஆகியவை முதலில் வரட்டும், அடுத்து பிரேக்கும் சஸ்பென்ஷனும், பிறகு விளக்குகள், செயின், இறுதியாகச் சைலன்சர். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. உட்காரும் நிலை மாறினால் முன்சக்கரத்தின் மீது விழும் எடை மாறுகிறது. அதற்குப் பிறகு செய்யப்படும் சஸ்பென்ஷன் அளவீடுதான் நிலைத்து நிற்கும். வரிசையைத் தலைகீழாக்கினால் அதே அளவீட்டை மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும்.

அதற்கும் முன்பாக, இருக்கும் வண்டி நலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த டயர், தளர்ந்த செயின், கண்ணாடிபோல் பளபளத்துப்போன பிரேக் பேட், ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நடுவில் தட்டும் கோன் செட் (ஹேண்டில்பார் சுழலும் தாங்கு உருளைகள்) ஆகியவற்றைச் சரிசெய்யாமல் விலையுயர்ந்த பாகங்களைப் பூட்டுவதில் பயன் இல்லை. மோசமாக ஓடும் வண்டி புது டயரும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குப் புது எண்ணெயும் கிடைத்ததும் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடுவதுண்டு. அதன்பின், வாங்க நினைத்த பாகங்களின் பட்டியலே சுருங்கிவிடும்.

சட்டத்தையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். நம்பர் பிளேட்டின் இடமும் சாய்வும், இண்டிகேட்டர்களின் இடைவெளி, சைலன்சரின் ஒலி, புகைக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடுகின்றன. மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவிக்காமல் விட்டால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது அதுவே மறுப்புக்குக் காரணமாகலாம்.

கருவிகளும் சில பழக்கங்களும்

கழற்றுவது எளிது, சரியான இறுக்கத்தில் பூட்டுவதுதான் வேலை. எனவே இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் பிரேக், சக்கரம், ஹேண்டில்பார் ஆகியவற்றைத் தொடக் கூடாது. சிறிய போல்ட்டுகளுக்கு 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை அளப்பது ஒன்று, அச்சு நட்டுக்கும், செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் நட்டுக்கும் 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டி அளப்பது இன்னொன்று என இரண்டு இருந்தால் நல்லது. பெரிய ரெஞ்சை அதன் அளவுகோலின் அடிமட்டத்தில் வைத்துச் சிறிய போல்ட்டை முடுக்கினால் அளவு துல்லியமாக இராது. அலுமினியத்தில் வெட்டப்பட்ட மரை உரிந்த பிறகுதான் அது தெரியவரும்.

உங்கள் வண்டிக்கான சர்வீஸ் மேனுவல் கட்டாயம் வேண்டும். இக்கட்டுரையில் வரும் எண்கள் பொதுவானவை. உங்கள் வண்டியின் எண் மேனுவலில் இருக்கிறது. அதில் தரப்படும் இறுக்க அளவு, வேறு குறிப்பு இல்லாவிட்டால், உலர்ந்த மரைக்கானது. அங்கே கிரீஸ் தடவி அதே அளவுக்கு முடுக்கினால் உராய்வு குறைந்து போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

இவற்றோடு பின்சக்கரத்தைத் தூக்கும் பேடக் ஸ்டாண்ட், ஆலன் கீ, ஆறுமுக சாக்கெட்டுகள், மல்டிமீட்டர், வயர் முனைகளை அழுத்திப் பூட்டும் கிரிம்பிங் கருவி, சூட்டில் சுருங்கும் உறை, நடுத்தர வலிமையுள்ள நீல நிற மரைப் பசை ஆகியவை போதும். சிவப்பு நிறப் பசையைப் பொதுவாகச் சூடாக்கித்தான் கழற்ற முடியும். அதை வீட்டு வேலையில் தவிர்க்கலாம். ஜப்பானிய வண்டிகளில் உள்ள பழைய பாணி நட்சத்திரத் திருகுகள் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் ஆனவை. வழக்கமான பிலிப்ஸ் திருப்புளி அவற்றில் முழுமையாக அமராமல் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். லிவரை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் மூடித் திருகுகள் இப்படித்தான் பாழாகின்றன.

கழற்றுமுன் ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகக் கேபிள்கள் எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் செல்கின்றன என்பதை. மின்வேலை எதுவானாலும் பேட்டரியின் எதிர்மின்முனையை (−) முதலில் கழற்றி, கடைசியில் பூட்ட வேண்டும்.

ஹேண்டில்பார்

கைப்பிடி அமரும் பகுதி ஏறக்குறைய எல்லா வண்டிகளிலும் 22 மில்லிமீட்டர் விட்டம் உடையது. ஆனால் நடுவில் கிளாம்ப் பிடிக்கும் இடம் 22 மில்லிமீட்டராகவோ, நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் வகையில் 28.6 மில்லிமீட்டராகவோ இருக்கும். முதலில் இதை அளந்து பாருங்கள். அகலம், உயரம், பின்நோக்கிய வளைவு என்ற மூன்றும் உட்காரும் நிலையைத் தீர்மானிக்கின்றன. அகலம் கூடினால் திருப்புவது எளிதாகும். அதே நேரத்தில் காற்று மார்பில் மோதும் பரப்பும் கூடும். உயரத்தை அதிகமாக உயர்த்தினால் முன்சக்கரத்தின் எடை குறைந்து, வேகமெடுக்கும்போது பிடிப்பு மெல்லியதாகத் தோன்றும். பழைய பாரிலிருந்து 20 அல்லது 30 மில்லிமீட்டர் மாற்றமே கைக்கு நன்றாகத் தெரியும் என்பதால், அதற்குள் நின்றுகொண்டால் பழைய கேபிள்களும் பல வண்டிகளில் போதுமானவையாக இருக்கும்.

டேங்கின் மேல் தடித்த துணியைப் போர்த்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாரின் முனைகளில் உள்ள எடைகள், கைப்பிடி, சுவிட்ச் பெட்டிகள், கிளட்ச் லிவர், மாஸ்டர் சிலிண்டர் என்ற வரிசையில் கழற்றலாம். இடது கைப்பிடி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். மெல்லிய குச்சியை உள்ளே நுழைத்துச் சோப்பு நீரை விட்டால் வழுக்கி வந்துவிடும். மாஸ்டர் சிலிண்டரைக் குழாயைக் கழற்றாமலேயே நிமிர்ந்த நிலையில் கட்டித் தொங்கவிட வேண்டும். தலைகீழானால் காற்று உள்ளே இறங்கும்.

புது பாரை வைக்கும்போது இரண்டு சிக்கல்கள் வரும். சுவிட்ச் பெட்டிக்குள் இருக்கும் சிறு முளை, பழைய பாரில் உள்ள துளையில் அமர்ந்து பெட்டி சுழலாமல் தடுக்கிறது. புது பாரில் அத்துளை பெரும்பாலும் இராது. பெட்டியைச் சரியான கோணத்தில் வைத்துக் குறித்து, முளையின் அளவுக்கே துளையிட வேண்டும். முளையை அராவி நீக்குவது சுலபமான வழி என்றாலும், எஞ்சின் வேகத்தைக் கூட்டும் திராட்டில் கைப்பிடி இருக்கும் பக்கத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது, கிளாம்ப். மேல்மூடியில் அம்புக்குறியோ புள்ளியோ இருந்தால் அதைக் கவனித்துப் பூட்டுங்கள். பல வண்டிகளில் முன்பக்க போல்ட்டை முதலில் முழுமையாக முடுக்கி, இடைவெளியைப் பின்பக்கம் விடவேண்டும்.

பூட்டி முடித்ததும் செய்யவேண்டிய சோதனைகளைத் தவிர்க்கவே கூடாது. பாரை இரு பக்கமும் முழுமையாகத் திருப்புங்கள். டேங்கையோ மீட்டரையோ எதுவும் தொடக் கூடாது, எந்தக் கேபிளும் குழாயும் விறைக்கக் கூடாது. திராட்டிலை முழுதும் திருகி விட்டால் அது தானாகவே சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். புது பார் எடை கைப்பிடியில் உரசினால் மூடாது. கேபிள் உள்ள வண்டிகளில் கைப்பிடி 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வெறுமனே அசைய வேண்டும். கடைசியாக எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு, பாரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெதுவாகத் திருப்புங்கள். எஞ்சினின் வேகம் சற்றேனும் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அந்த நிலையில் வண்டியைச் சாலைக்கு எடுத்தால் வளைவில் திரும்பும்போது வண்டி தானாக முடுக்கம் எடுக்கும்.

லிவர்

பொருத்துவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாத பாகம் இது. அந்த எளிமைதான் ஆபத்தும். பிரேக் லிவரின் உட்புற முனை மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை அழுத்துகிறது. மலிவான லிவர்களில் இந்த முனை அரை மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் பிஸ்டன் முழுமையாகத் திரும்பாது. எண்ணெய் மீண்டும் தொட்டிக்குச் செல்லும் சிறு துளை மூடியே இருக்கும். ஓட்டும்போது சூட்டில் எண்ணெய் விரிவடைந்து, போக வழியின்றிப் பேட்களை அழுத்தி, சக்கரத்தைப் படிப்படியாகப் பிடிக்கத் தொடங்கும். எனவே லிவர் அழுத்தப்படாத நிலையில் அதன் முனைக்கும் பிஸ்டனுக்கும் இடையே மிகச் சிறிய தளர்ச்சி இருப்பதை விரலால் உணர்ந்து உறுதிசெய்ய வேண்டும். பிரேக் விளக்கின் சுவிட்சும் கிளட்ச் சுவிட்சும் புது லிவரில் சரியாக அழுந்துகின்றனவா என்பதையும் பாருங்கள்.

பிரேக் குழாய்

ரப்பர் குழாய் வயதாக ஆக, அழுத்தத்தில் சற்று உப்பும். எஃகு இழை பின்னிய குழாயின் உட்புறம் டெஃப்லானால் ஆனது. அது உப்புவதில்லை என்பதால் லிவரின் தொடுகை இறுக்கமாகிறது. பிரேக்கின் மொத்த வலிமை கூடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், கூடுவது துல்லியம். இந்த வேலையை அவசரமின்றிச் செய்யும் நாளுக்கு ஒதுக்குங்கள்.

1. டேங்கையும் மட்கார்டையும் மூடுங்கள். பிரேக் எண்ணெய் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஒரு துளி விழுந்தாலும் துடைத்துத் தேய்க்காமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

2. மாஸ்டர் சிலிண்டர் தொட்டியில் உள்ள பழைய எண்ணெயை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பழைய குழாயைக் கழற்றுங்கள்.

3. புதுக் குழாயின் வளைய முனைக்கு இருபுறமும் புது செப்பு அல்லது அலுமினிய வாஷர் போடுங்கள். இவை ஒருமுறை நசுங்கி அடைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. பழையதைத் திருப்பிப் போட்டால் கசியும். முடுக்கும்போது குழாய் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. மூடியில் எந்த எண்ணெய் என்று எழுதியிருக்கிறதோ அதையே, அப்போது திறந்த புது டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைக்கால் அடிப்படையிலானவை. டாட் 5 சிலிக்கோனால் ஆனது; எண் ஒன்றுபோல் தோன்றுகிறதே என்று அதைக் கலந்துவிடக் கூடாது.

5. லிவரை மெதுவாக அழுத்திப் பிடியுங்கள், கேலிப்பரில் (சக்கரத்தில் பேட்களை அழுத்தும் பாகம்) காற்றை வெளிவிடும் சிறு திருகான நிப்பிளைக் கால் சுற்று திறங்கள், குமிழிகள் வெளியேறியதும் நிப்பிளை மூடுங்கள், அதன்பிறகே லிவரை விடுங்கள். குமிழிகள் நிற்கும்வரை தொடர வேண்டும். இடையில் தொட்டி வற்றிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

6. லிவர் கெட்டிப்பட்டதும் ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்து, எல்லா இணைப்புகளையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். விட்டதும் சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும்.

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் காற்று அதன் அழுத்தப் பெட்டிக்குள் சிக்கிக்கொண்டால், பம்பைக் கணினிக் கருவியால் இயக்கித்தான் பல நேரங்களில் அதை வெளியேற்ற முடியும். லிவர் எவ்வளவு முயன்றும் பஞ்சுபோல் இருந்தால் அத்தோடு நிறுத்திக்கொண்டு, பணிமனைக்கு ஏற்றிச் செல்வதே சரி, ஓட்டிச் செல்வதல்ல.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. வண்ணம் பூசிய அலுமினிய போல்ட்டுகள் அழகாக இருக்கும். மட்கார்டுக்கும் டேங்க் மூடிக்கும் அவற்றைப் பயன்படுத்துங்கள். கேலிப்பரைத் தாங்கும் போல்ட்டும் சக்கர அச்சும் எஃகாகவே இருக்கட்டும்.

சஸ்பென்ஷன்: முதலில் அளவு, பிறகு பாகம்

விலையுயர்ந்த பின் ஷாக்கை வாங்குவதற்கு முன், இருப்பதைச் சரியாக அமைத்துப் பார்த்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கான அளவீட்டை ஆங்கிலப் பெயராலேயே சேக் என்கிறார்கள்: எடை ஏறும்போது சஸ்பென்ஷன் எவ்வளவு தாழ்கிறது என்பதே அது. ஓர் உதவியாளரும் அளவுநாடாவும் போதும்.

சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, பின் அச்சிலிருந்து நேர் மேலே வால்பகுதியில் குறித்த ஓர் இடம்வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஓட்டும் உடையோடு வண்டியில் ஏறி, கால்களை மிதியில் வைத்து அமர வேண்டும். உதவியாளர் வால்பகுதியைக் கீழே அழுத்தி மெதுவாக விட்டு ஒரு முறையும், மேலே தூக்கி மெதுவாக விட்டு ஒரு முறையும் அளக்கட்டும். உராய்வு காரணமாக இரண்டும் வேறுபடும். சராசரியை எடுத்து முதல் அளவிலிருந்து கழித்தால் கிடைப்பதே ஓட்டுநர் சேக். சாலை வண்டிகளில் இது மொத்த இயக்கத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை இருப்பது நல்லது. பின்சக்கரம் மொத்தம் 120 மில்லிமீட்டர் இயங்கும் வண்டியில் 30 முதல் 40 மில்லிமீட்டர். முன் ஃபோர்க்கிலும் இதே முறைதான்.

ஸ்பிரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் அழுத்தமான பிரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. பிரீலோட் வண்டியின் உயரத்தைத்தான் மாற்றுகிறது. ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பியின் தடிமனையும் சுருள்களையும் பொறுத்தது. எனவே ஓட்டுநர் சேக்கைச் சரிசெய்தபின், ஆள் இல்லாமல் வண்டி தன் எடையில் எவ்வளவு தாழ்கிறது என்றும் பாருங்கள். பின்பக்கத்தில் 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை தாழ்ந்தால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்துகிறது. சிறிதும் தாழவில்லை என்றால் ஸ்பிரிங் மென்மையானது, அதை ஈடுகட்ட அளவுக்கு மீறிப் பிரீலோட் கொடுத்திருக்கிறீர்கள். அந்த நிலையில்தான் புது ஸ்பிரிங்கோ ஷாக்கோ வாங்குவதில் பொருள் உண்டு.

ஃபோர்க் ஸ்பிரிங்கையும் எண்ணெயையும் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடியதே. மேல்மூடி ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருப்பதால், கடைசி மரை விடும்போது முகத்தை விலக்கி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் மட்டத்தை, ஸ்பிரிங்கை வெளியே எடுத்து ஃபோர்க்கை முழுமையாக அழுத்திய நிலையில் அளப்பதே பெரும்பாலான மேனுவல்கள் சொல்லும் முறை. பின் ஷாக்கைப் பிரிப்பது வேறு விஷயம்; பலவற்றின் உள்ளே அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயு இருக்கிறது, அதற்கான கருவி இல்லாதவர் திறக்கவே கூடாது.

விளக்குகளும் வால்பகுதியும்

பழைய இண்டிகேட்டர் பல்பு பெரும்பாலும் 10 வாட். எல்.இ.டி. ஒன்றிரண்டு வாட்டுக்கு மேல் இழுக்காது. பல்பு எரிந்துபோய்விட்டதாக எண்ணி பழைய ரிலே வேகமாகச் சிமிட்டத் தொடங்கும். மின்சுமையைப் பொருட்படுத்தாத ரிலேயை மாற்றுவது நேர்த்தியான தீர்வு. ரெசிஸ்டர் போடுவதும் வேலை செய்யும். ஆனால் அது சூடாகும் என்பதால் பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்காதீர்கள். எல்.இ.டி.க்கு நேர், எதிர் முனைகள் உண்டு. எரியாவிட்டால் முதலில் வயர்களை மாற்றிப் பாருங்கள்.

மூல வயரிங்கை வெட்டாமல், அதே வடிவ இணைப்பான்கள் மூலம் சேர்த்தால் பின்னாளில் பழைய நிலைக்குத் திரும்பலாம். கூடுதல் விளக்குகளுக்குத் தனி ஃபியூஸும் ரிலேயும் தேவை. ஃபியூஸ் பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும். நீண்ட பின் மட்கார்டை நீக்கிச் சிறிய நம்பர் பிளேட் தாங்கியைப் பொருத்துவோர், சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கும்போது டயர் அதைத் தொடாது என்பதை உறுதிசெய்ய வேண்டும். மழையில் முதுகு நனையும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

செயினும் ஸ்பிராக்கெட்டும்

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைப்பது, பின்னால் ஏறக்குறைய மூன்று பற்களைக் கூட்டுவதற்குச் சமம். 15க்கு 45 என்றால் விகிதம் 3.00, 14க்கு 45 ஆக்கினால் 3.21, அதாவது 7 விழுக்காடு கூடுதல். வண்டி துள்ளலாக எழும், நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுழலும். வேகமானி கியர்பெட்டியிலிருந்து தகவல் எடுக்கும் வண்டிகளில் காட்டும் வேகமும் அதே அளவு பிசகும்.

முன் ஸ்பிராக்கெட் நட்டைச் செயின் பூட்டியிருக்கும்போதே, பின் பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொள்ள, தளர்த்திவிட வேண்டும். செயினைக் கழற்றியபின் அதை அசைப்பது பெரும்பாடு. செயினையும் இரு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். செயினின் இரு முனைகளையும் சேர்ப்பது கிளிப் இணைப்பு என்றால், கிளிப்பின் திறந்த முனை செயின் ஓடும் திசைக்கு எதிராக இருக்கட்டும். வலிமையான எஞ்சின்களுக்கு ரிவெட் இணைப்பே ஏற்றது.

சைலன்சர்

சைலன்சரை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் வகையில் முதன்மையான லாபம் எடைக் குறைப்பும் ஒலியும்தான்; சக்தி கூடுவது மிகக் குறைவு. எஞ்சினிலிருந்து தொடங்கும் முழுத் தொகுதியை மாற்றினால் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியும் பெரும்பாலும் போய்விடுகிறது. பல இடங்களில் அது சட்டவிரோதம். எரிபொருள் கலவையும் மெலிந்துவிடுவதால் கணினியை மறுநிரல் செய்ய வேண்டிவரும். ஆக்சிஜன் உணரி எல்லாவற்றையும் தானே சரிசெய்துகொள்ளும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது சீரான வேகத்தில், குறுகிய எல்லைக்குள் மட்டுமே கலவையைத் திருத்துகிறது. சாலை வண்டிக்கு, ஒலித்தடுப்புடன் கூடிய, அங்கீகரிக்கப்பட்ட ஸ்லிப்-ஆன் போதும் என்பதே என் கருத்து.

எஞ்சின் முழுமையாக ஆறியபின் வேலையைத் தொடங்குங்கள். துருப்பிடித்த நட்டுகளில் முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெயை விட்டுவைக்க வேண்டும். புது கேஸ்கெட்டைப் போட்டு, எல்லா போல்ட்டுகளையும் விரலால் மட்டும் பூட்டி, குழாய் இழுபடாமல் நேராக அமர்வதைப் பார்த்தபின், எஞ்சின் பக்கத்திலிருந்து பின்நோக்கி வரிசையாக முடுக்குங்கள். சைலன்சரைத் தாங்கியின் போல்ட்டால் வலிய இழுத்துப் பொருத்தினால் பற்றவைப்புகள் அதிர்வில் விரிசல் விடும். எஞ்சினை இயக்குமுன் ஆல்கஹாலால் குழாய் முழுவதையும் துடைத்துவிடுங்கள். கைரேகையின் எண்ணெய்ப்பசை சூட்டில் உலோகத்தில் நிரந்தரக் கறையாகப் பதிந்துவிடும்.

சாலைக்கு எடுக்கும் முறை

ஒரே நேரத்தில் பல மாற்றங்களைச் செய்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது. ஒரு பாகம், ஒரு சோதனை ஓட்டம், ஒரு குறிப்பு என்று போங்கள். முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து அதன் பக்கத்து உலோகம்வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். கோடு முறிந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. முதல் ஓட்டம் வாகனங்கள் இல்லாத இடத்தில், மெதுவாக, பிரேக்கைப் பலமுறை பிடித்துப் பார்ப்பதாக இருக்கட்டும். புது பிரேக் பேட் போட்டிருந்தால் அது டிஸ்க்கில் பதியும்வரை முழு வலிமை கிடைக்காது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடியபின் ஹேண்டில்பார் கிளாம்ப், கேலிப்பர், சைலன்சர் தாங்கி ஆகியவற்றை எஞ்சின் ஆறிய நிலையில் டார்க் ரெஞ்சால் மீண்டும் சோதியுங்கள். கழற்றிய மூல பாகங்களை அவற்றின் போல்ட்டுகளோடு பெயரெழுதிய பைகளில் வைத்திருங்கள். தகுதிச் சோதனைக்கோ விற்பனைக்கோ அவை தேவைப்படும்.